உப்பளம், வெயில், கிட்னி: மூணு டிபார்ட்மென்ட் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணணும்னா எந்த வழி நல்லது?

தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல வேலை பாக்குறவங்களுக்கு வெயிலால கிட்னி கெடுதான்னு ஆராய்ச்சி பண்ணணும்னு மூணு பேரு சேந்திருக்காங்க. ஒருத்தர் கம்யூனிட்டி மெடிசின் டாக்டர், ஒருத்தங்க இன்ஜினியரிங் காலேஜ்ல சுற்றுச்சூழல் பாடம் எடுக்குற மேடம், இன்னொருத்தர் சோஷியல் ஒர்க் பேராசிரியர். அவங்க முன்னாடி மூணு வழி இருக்கு. வெளிநாட்டு யுனிவர்சிட்டி நடத்துற பெரிய ஆய்வுல ஒரு சைட்டா, அதாவது ஆய்வு நடக்குற இடங்கள்ல ஒண்ணா சேந்துக்கலாம். இல்லன்னா ஒரே தலைப்புக்குக் கீழ ஆளுக்கொரு பகுதிய பிரிச்சு எடுத்துக்கிட்டு கடைசில ஒண்ணா சேக்கலாம். இல்லன்னா சின்ன டீமா, தொழிலாளிகளையும் முதல் நாள்லருந்தே உள்ள உக்கார வெச்சு பண்ணலாம். இதே குழப்பம் நிறைய இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு இருக்குறதால, ஃபீல்டு கோஆர்டினேட்டரா வேலை பாக்குற அனுபவத்துல எனக்குத் தோணுறத விரிவாவே எழுதுறேன். என் சாய்வு மூணாவது வழி பக்கம்தான், அத முன்கூட்டியே சொல்லிடுறேன், ஆனா மத்த ரெண்டும் சும்மா இல்ல.

முதல்ல இதுக்கு மூணு துறை எதுக்குன்னு பாப்போம். உப்பளத்துல வெள்ளன, இருட்டுலயே வேலை ஆரம்பிச்சிடும், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும்னு ஓடுவாங்க, அப்படியும் பத்து மணிக்கெல்லாம் பாத்தியில கிடக்குற உப்பு கண்ணுல அடிக்குற அடி இருக்கே, மேல சூரியன் கீழ உப்புன்னு ரெண்டு பக்கமும் சூடு. டாக்டர் ரத்தம் எடுத்து, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் அளவ பாத்துடுவாரு, மேடம் மீட்டர் வெச்சு சூட்ட அளந்துடுவாங்க. ஆனா பொம்பளைங்க பல பேரு வேலைக்கு வர்ற அன்னைக்கு தண்ணியே குடிக்காம வர்றாங்க, வந்தும் குடிக்குறதில்ல. ஏன்னா ஒதுங்க இடம் இல்ல, கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் வெட்டவெளி, ஒரு மரம் மட்டை கிடையாது. இது எந்த மீட்டர்லயும் வராது. கேக்குற ஆளு கேக்குற விதமா கேட்டாதான் வரும், அதுவும் கங்காணி பக்கத்துல இல்லாதப்போ. இந்த ஒரு விஷயம் தெரியலன்னா டாக்டரோட ரத்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே மாறிடும், 'நிறைய தண்ணி குடிங்க'ன்னு ஒரு போஸ்டர் ஒட்டிட்டு வந்துடுவோம்.

சென்னை போரூர்ல இருக்குற ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக டீம் ஏற்கெனவே தமிழ்நாட்டுல 7 உப்பளங்கள்ல 352 தொழிலாளிகள பாத்து எழுதிருக்காங்க. கிட்டத்தட்ட 10ல 9 பேரு பரிந்துரைச்ச வெப்ப அளவுக்கு மேலதான் வேலை பாக்குறாங்க, சுமார் 7 சதவீதம் பேருக்கு கிட்னி வடிகட்டுற திறன் குறைஞ்சிருந்துச்சு. அதனால 'பிரச்சனை இருக்கா'ன்னு கேக்குற கட்டத்தத் தாண்டியாச்சு. இனி யாருக்கு, எப்படி, எத மாத்துனா குறையும்ங்கறதுதான் வேலை. இத மனசுல வெச்சுக்கிட்டு மூணு வழியையும் பாருங்க.

பெரிய பன்னாட்டு ஆய்வுன்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது ஹேப்பின் ட்ரையல். விறகடுப்புப் புகைக்கு பதிலா கேஸ் குடுத்தா தாயும் குழந்தையும் நல்லா இருக்காங்களான்னு பாக்க குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா நாலு நாட்டுல நடந்துச்சு. இந்தியால நம்ம விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள்லதான். மொத்தம் 3,200 கர்ப்பிணிகள், நாட்டுக்கு 800 பேருன்னு கணக்கு, பாதிப் பேருக்கு 18 மாசம் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். பெண்கள் சுவாசிக்குற பிஎம் 2.5 தூசு அளவு விறகு வீட்டுல கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் பக்கம் இருந்துச்சு, கேஸ் வீட்டுல 24க்கு இறங்கிடுச்சு. இவ்வளவு இறங்குனப்புறம் குழந்தையோட எடை நல்லா ஏறியிருக்கும்னுதானே எல்லாரும் எதிர்பாத்தாங்க? சராசரி வித்தியாசம் கிட்டத்தட்ட 20 கிராம்தான், புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்ல. 2022ல இது நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, 2024ல குழந்தைகளோட கடுமையான நிமோனியாவும் குறையலன்னு அடுத்த பேப்பர் வந்துச்சு.

இத தோல்வின்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். இப்படி ஒரு பதில நம்பிக்கையா சொல்லணும்னா அவ்வளவு பெரிய ஆய்வாலதான் முடியும், சின்ன டீம் 60 வீட்டுல பண்ணி 'எடை கூடுச்சு'ன்னு ஒரு பேப்பர் போட்டிருந்தா நாம அத நம்பிக்கிட்டே இருந்திருப்போம். பெரிய ஆய்வுல சேந்தா கிடைக்குற இன்னொண்ணு பழக்கம். சாம்பிள் எடுக்குறது, ஐஸ் பாக்ஸ்ல எத்தனை டிகிரில வெக்குறது, ஃபார்ம்ல ஒரு கட்டம் விட்டுப்போனா என்ன பண்றதுன்னு அங்க வேலை பாத்த பசங்க கத்துக்குற ஒழுங்கு வேற எங்கயும் கிடைக்காது, ஃபீல்டு ஸ்டாஃபுக்கு சம்பளமும் மாசா மாசம் வந்துடும்.

ஆனா கேள்வி பூட்டிக் கிடக்கும். அதான் விலை. நாலு நாட்டுலயும் ஒரே புரோட்டோகால், அதாவது எழுதி வெச்ச ஒரே ஆய்வு முறை, அதுல ஒரு வரி மாத்தணும்னா எல்லா நாட்டு எதிக்ஸ் கமிட்டிக்கும் போகணும், அதனால நடுவுல யாரும் மாத்த மாட்டாங்க, மாத்தவும் கூடாது, ட்ரையலோட பலமே அதுல இருக்கு. உங்க சோஷியல் ஒர்க் சார் ஆறாவது மாசம் வந்து 'பொம்பளைங்க தண்ணி குடிக்காம இருக்குறதுதான் இங்க விஷயமே'ன்னு சொன்னா அத எழுதி வெச்சுக்கலாம், ஆய்வு திரும்பாது. இந்த மாதிரி அமைப்புல சமூகவியல் ஆளுக்கு பெரும்பாலும் கிடைக்குற வேலை கேள்வித்தாள தமிழ்ல மாத்துறதும் ஜனங்கள ஒத்துக்க வைக்குறதும்தான், பேப்பர்ல பேரு இருபதாவது இடத்துல வரும். அதுபோக வெளிநாட்டுக் கூட்டுன்னா சுகாதார அமைச்சகத்தோட ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி வேணும். வெளிநாட்டு நிதி ஒரு ட்ரஸ்ட் வழியா வருதுன்னா 2020ல வெளிநாட்டு நிதிய கட்டுப்படுத்துற எஃப்சிஆர்ஏ சட்டத்த திருத்தினப்புறம் அத இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்க முடியாது, அதனால கூட்டாளியா ஒரு சின்ன தொண்டு நிறுவனத்த சேத்துக்கலாம்னு நினைச்சிருந்தா அந்தக் கணக்க ஆரம்பத்துலயே பாத்துடுங்க.

ரெண்டாவது வழி, ஒரே தலைப்பு ஆளுக்கொரு பகுதி. நம்ம காலேஜ்கள்ல பாதிக்கு மேல நடக்குறது இதுதான், பேரு மட்டும் கூட்டு ஆராய்ச்சி. இதோட பலம் பலவீனம் ரெண்டையும் தெரிஞ்சுக்கணும்னா இலங்கையோட வட மத்திய மாகாணத்த பாருங்க. 90கள்ல இருந்து அனுராதபுரம், பொலன்னறுவை, பதவியா, மெதவாச்சி பக்கம் நெல் விவசாயிகளுக்கு சுகரும் இல்லாம பிரஷரும் இல்லாம கிட்னி போக ஆரம்பிச்சது, நம்ம வவுனியா வரைக்கும் இருக்கு. தண்ணி கெமிஸ்ட்ரி படிச்சவங்க ஃப்ளூரைடும் கடினத் தண்ணியும்னாங்க. அலுமினியப் பாத்திரமும் ஃப்ளூரைடும் சேந்துதான்னு ஒரு வாதம் வந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் முன்னின்ன ஆய்வு 2013ல வெளிவந்தப்போ காட்மியத்த காட்டுச்சு. அடுத்த வருஷம் கிளைஃபோசேட் களைக்கொல்லிதான்னு ஒரு கருதுகோள் பேப்பர் வந்துச்சு. நீர்ப்பாசியோட நஞ்சுன்னு சில பேரு, வெயிலும் உடம்புல தண்ணி வத்துறதும்தான்னு சில பேரு.

ஒவ்வொருத்தரும் அவங்கவங்க துறையில நேர்மையாதான் வேலை பாத்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா விவசாயி ஒருத்தரோட உடம்புல இந்த எல்லாமே ஒண்ணா நடக்குதே. அவரு அதே கிணத்துத் தண்ணிய குடிச்சுட்டு, அதே மருந்த முதுகுல டேங்க் மாட்டி அடிச்சுட்டு, அதே வெயில்ல நிக்குறாரு, ராத்திரி முட்டிவலிக்கு மாத்திரை போடுறாரு. எந்தக் காரணம் எவ்வளவுன்னு பிரிக்கணும்னா அதே ஆளோட தண்ணி, ரத்தம், வேலை நேரம், மருந்து எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். இது தீர்றதுக்கு முன்னாடியே அரசியல் உள்ள வந்துடுச்சு. 2015ல கிளைஃபோசேட்டுக்கு தடை போட்டாங்க, 2018ல தேயிலை, ரப்பருக்கு மட்டும் தளர்த்துனாங்க. ஊர் ஊரா ஆர்ஓ பிளான்ட் வந்துச்சு. நல்ல தண்ணி யாருக்கும் வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா நோய்க்கு என்ன காரணம்ங்கற கேள்விக்கு இன்னும் ஒருமித்த பதில் வரல.

இந்த இடத்துல சின்னதா தெரியுற ஒரு டெக்னிக்கல் விஷயத்த நிறுத்திச் சொல்லணும், ஏன்னா ரெண்டாவது வழி உடையுறது இங்கதான். டாக்டர் ஆளு ஆளா சாம்பிள் எடுப்பாரு. மேடம் இடம் இடமா, அதாவது இந்த அளத்துல நாலு பாயின்ட், அந்த கிணத்துல ரெண்டு பாயின்ட்னு எடுப்பாங்க. சோஷியல் ஒர்க் சார் ஊர்ல குழுவா உக்கார வெச்சுப் பேசுவாரு. ரெண்டு வருஷம் கழிச்சு மூணு எக்ஸெல் ஷீட் மேசைக்கு வரும், ஒண்ணுல ஆளோட நம்பர், ஒண்ணுல பாயின்ட் நம்பர், ஒண்ணுல ஊர் பேரு. 43வது ஆளு எந்த பாயின்ட்ல நின்னு வேலை பாத்தாருன்னு எந்த ஷீட்லயும் இருக்காது. எவ்வளவு பெரிய ஸ்டாட்டிஸ்டிஷியன கூட்டிட்டு வந்தாலும் அத ஒட்ட வைக்க முடியாது. நான் பாத்த ஒரு புராஜெக்ட்ல கடைசி வொர்க்‌ஷாப் மதியத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு, மூணு பேரும் தனித்தனியா மூணு பிரசன்டேஷன் காமிச்சாங்க, நல்லா சாப்பிட்டோம், கிளம்பிட்டோம்.

அதுக்காக ரெண்டாவது வழிய ஒதுக்கிட வேணாம். பிஎச்டி பண்ற பிள்ளைக்கு மூணு நாலு வருஷத்துல தீசிஸ் முடியணும், ஃபெலோஷிப் நிக்குற தேதி ஒண்ணு இருக்கு, அதுக்கு தனக்குன்னு வரையறுத்த ஒரு பகுதி வேணும். நிதி குடுக்குற இடமும் அப்படித்தான் பிரிஞ்சு கிடக்கு, ஹெல்த்துக்கு ஐசிஎம்ஆர்ங்கற மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சமூகவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர்ங்கற சமூக அறிவியல் கவுன்சில், ரெண்டு பேரோட ஃபார்மும் காலக்கெடுவும் வேற வேற. இந்த வழிதான் உங்களுக்கு அமையுதுன்னா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க: முதல் சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடி மூணு டீமுக்கும் ஒரே ஆள் பட்டியல், ஒரே ஐடி நம்பர், அந்த ஆளு எந்த அளத்துல எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைன்னு ஒரு பொது ரெஜிஸ்டர். அது இருந்தா பின்னாடி எப்ப வேணா சேத்துக்கலாம்.

இப்ப மூணாவது வழி. தொழிலாளிகள சாம்பிளா பாக்காம, கேள்வியவே அவங்களோட சேந்து எழுதுறது. கேக்க நல்லா இருக்கும், செய்ய கஷ்டம், ஆனா நடந்திருக்கு. அமெரிக்கால ஃபிளின்ட் நகரத்துல 2014ல குடிதண்ணிய ஆத்துக்கு மாத்துனதும் கலங்கலா வந்துச்சு, அதிகாரிங்க ஒண்ணுமில்லன்னாங்க. லீஆன் வால்டர்ஸ்ங்கற ஒரு அம்மா விடாம கேட்டு வர்ஜீனியா டெக்கோட மார்க் எட்வர்ட்ஸ் கிட்ட போனாங்க. ஊர்க்காரங்களே வீடு வீடா பாட்டில் குடுத்து சாம்பிள் சேத்தாங்க. இன்னொரு பக்கம் மோனா ஹன்னா அட்டிஷாங்கற குழந்தை டாக்டர் ஆஸ்பத்திரில ஏற்கெனவே இருந்த ரத்தப் பரிசோதனை டேட்டாவ எடுத்து, குழந்தைகளோட ஈய அளவு ஏறியிருக்குன்னு காமிச்சாங்க. 2015 அக்டோபர்ல தண்ணிய பழைய இடத்துக்கே மாத்துனாங்க. கேள்வி ஊருக்குள்ள இருந்து வந்ததாலதான் அத்தன வேகம்.

அவ்வளவு தூரம் எதுக்கு, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையப் பாருங்க. 2004ல அங்க ஊர்க்காரங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு, இன்னைக்கு என்ன நாத்தம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கக் காத்துன்னு நோட்டுல எழுத ஆரம்பிச்சாங்க. காத்து சாம்பிள் எடுக்க சாதாரண பிளாஸ்டிக் பக்கெட், உள்ள ஒரு விசேஷ பை, பம்ப் வெச்சு இழுத்தா காத்து பைக்குள்ள வந்துடும், சீல் பண்ணி லேபுக்கு அனுப்பணும். 90கள்ல கலிஃபோர்னியால ரிஃபைனரி பக்கத்து ஜனங்களுக்காக உருவான டெக்னிக் அது. நாத்தம் வர்றது ராத்திரி ரெண்டு மணிக்குன்னா எந்த ஆபீசரும் அந்நேரம் வந்து அளக்க மாட்டாங்க, அங்கயே படுத்திருக்குற ஆளுதான் எந்திரிச்சு பக்கெட்ட எடுக்க முடியும். இந்த வழியோட அறிவியல் பலமும் இதுல இருக்கு, நியாயத்துக்காக மட்டும் இத பண்றதில்ல.

உப்பளத்துக்கு வந்தா இந்த பலம் இன்னும் தெளிவாத் தெரியும். அளத்து வாசல்ல நின்னு வேலைக்கு வர்றவங்கள பரிசோதிச்சா உடம்பு தாங்குறவங்கதான் கிடைப்பாங்க. கிட்னி கெட்டவரு போன வருஷமே நின்னுட்டாரு, வீட்டுல திண்ணைல உக்காந்திருப்பாரு, இல்ல மகளோட வேற ஊருக்குப் போயிருப்பாரு. அப்ப உங்க நம்பர் உண்மைய விட கம்மியாதான் காட்டும். நின்னுபோனவங்க யாரு, எங்க இருக்காங்கன்னு கூட வேலை பாத்த அக்காவுக்குத்தான் தெரியும், எந்த ரெஜிஸ்டர்லயும் கிடையாது. அதே மாதிரி, ஓய்வு எடுங்கன்னு சொல்றது ஈசி, ஆனா கூலி வேலை அளவுக்குன்னா யாரு உக்காருவா? நிகராகுவால கரும்பு வெட்டுறவங்களுக்கு நிழல், தண்ணி, ஓய்வுன்னு அடலான்டே திட்டத்த கொண்டு வந்தப்போ டன் கணக்குல கூலி வாங்குற ஆளு ஓய்வ எப்படி பாப்பாருங்கறதும் சேந்துதான் முன்னாடி நின்னுச்சு. சீசனுக்கு சீசன் பாத்து ஓய்வ கூட்டி, நிழலையும் தண்ணியையும் சரி பண்ணி, கிட்னி பாதிப்பு குறைஞ்சத காமிச்சாங்க. டாக்டர், வெப்பம் அளக்குறவங்க, வேலை முறைய பாக்குறவங்க மூணு பேரும் ஒரே வயல்ல நின்னதாலதான் அது நடந்துச்சு.

கஷ்டங்களையும் மறைக்காம சொல்றேன். முதல் வருஷம் முழுக்க பேச்சாவே போகும், காட்டுறதுக்கு ஒரு நம்பர் இருக்காது, நிதி குடுத்தவங்க போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. முதலாளி வாசக் கதவ மூடிட்டா அளத்துக்குள்ள போக முடியாது, அத விட மோசம் உங்களோட பேசுனவங்களுக்கு மறுநாள் வேலை இல்லன்னு ஆயிடலாம், அதனால பேச்சும் பரிசோதனையும் ஊர்ல, வீட்டுல வெச்சுக்குறதுதான் நல்லது. சின்ன சாம்பிள்னு ரிவ்யூவர் திருப்பி அனுப்புவாங்க. ஃபிளின்ட்லயே பின்னாடி ஊர்க்காரங்க சில பேருக்கும் கூட நின்ன விஞ்ஞானிக்கும் நடுவுல கடுமையான சண்டை வந்துச்சு, டேட்டா யாருது, யாரு பேசலாம்ங்கறத முன்னாடியே எழுதி வெக்கணும்னு அதுல இருந்து கத்துக்கலாம். அப்புறம் ரத்தத்துல கிட்னி பாதிப்பு தெரிஞ்சா அந்த ஆள அப்படியே விட்டுட்டு வர முடியாது. எந்த அரசு ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கா, மக்களைத் தேடி மருத்துவத்துல யாரு வந்து பாப்பாங்கன்னு பரிசோதனை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும்.

அப்ப என் முடிவு என்னன்னா, இந்த மூணு பேருக்கும் மூணாவது வழி, ஆனா பெரிய ஆய்வுல இருக்குற ஒழுங்க கடன் வாங்கிக்கிட்டு. அதுக்கு புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம். டிகிரி (DEGREE)ன்னு பேரு வெச்ச ஒரு பொது புரோட்டோகால் 2017ல இருந்தே இருக்கு, செலவு கம்மியா, ஊர் மக்கள் தொகையில இருந்து ஆளத் தேர்ந்தெடுத்து கிட்னி திறன பாக்குறதுக்குன்னே எழுதுனது, பல நாட்டுல பயன்படுத்துறாங்க. அதுபடி பண்ணா உங்க நம்பர வேற ஊரு, வேற நாட்டோட ஒப்பிடலாம், அளத்து வாசல்ல நிக்க வேண்டிய அவசியமும் இல்ல, வேலைய விட்டவங்களும் பட்டியல்ல வந்துடுவாங்க. கிரியாட்டினின் எல்லாத்தையும் ஒரே லேப்ல, என்சைமேட்டிக் முறையில பாருங்க. கடுமையா உழைச்சு முடிச்ச உடனே எடுத்தா கிரியாட்டினின் தற்காலிகமா ஏறி நிக்கும், அதனால எடுக்குற நேரம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். குறைஞ்சிருந்தா மூணு மாசம் கழிச்சு திரும்ப பாக்காம நாள்பட்ட நோய்னு சொல்லிடாதீங்க. வெப்பத்துக்கு வெறும் தெர்மாமீட்டர் பத்தாது, ஈரக்குமிழ் 0.7, கருப்புக் கோளம் 0.2, சாதா வெப்பம் 0.1ன்னு எடை போட்டு, காத்துல இருக்குற ஈரத்தையும் வெயிலோட சூட்டையும் சேத்துக் காட்டுற டபிள்யூபிஜிடி அளவு வேணும், கடக்கரைல வேர்வை காயாத சூடு அதுலதான் தெரியும். மீட்டர் ஓடுற அதே நேரத்துல கடைசியா தண்ணி குடிச்சது எப்போ, கடைசியா ஒண்ணுக்கு போனது எப்போன்னு ஆண், பெண் தனித்தனியா கேட்டு எழுதணும், பெண்கள்ட்ட பெண்கள்தான் கேக்கணும். பட்ஜெட்ல சோஷியல் ஒர்க் சாருக்கு தனி லைன் குடுங்க, மருத்துவ பட்ஜெட்டோட ஓரத்துல ஒட்டிட்டு இருந்தா கேள்வி கேக்குற உரிமையும் ஓரத்துலதான் இருக்கும்.

வெளிநாட்டு அழைப்பு வந்தா வேணாம்னு சொல்லணும்னு நான் சொல்லல. இந்த வேலை ஒரு சீசன் ஓடி, உங்க கேள்வி உங்ககிட்ட கெட்டியா ஆனப்புறம் போங்க, அப்ப கேள்வித்தாள்ல ரெண்டு பக்கம் உங்களோடது இருக்கணும்னு கேக்க பலம் இருக்கும், டேட்டா இங்கயும் ஒரு காப்பி இருக்கணும்னும் கேளுங்க. முடிவு போய்ச் சேர இடமும் இருக்கு, 2024 அக்டோபர்லயே தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சாச்சு, இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். வெயில்ல விழுந்து சாகாம பத்து வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கிட்னி போற ஆளு அந்தக் கணக்குல எங்க வர்றாருன்னு கலெக்டர் ஆபீஸ்ல வெச்சுப் பேச உங்க நம்பர் உதவும்.

நேரம் பாத்துக்கோங்க. சீசன் பொங்கலுக்கு அப்புறம் சூடு பிடிச்சு செப்டம்பர் வாக்குல முடியும், மழை மாசங்கள்ல வேலை இல்ல, அரசு குடுக்குற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்த வெச்சு ஓட்டுவாங்க. அந்த மழைக்காலம்தான் அவங்களோட உக்காந்து கேள்விய எழுதவும், வெயில் இல்லாதப்போ கிட்னி எப்படி இருக்குன்னு முதல் ரத்தம் எடுக்கவும் சரியான சமயம். அக்டோபருக்குள்ள எதிக்ஸ் அனுமதி கையில இருக்கணும்னா ஜூன்லயே விண்ணப்பம் போயாகணும், கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு அன்னைக்குக் கூலிய பட்ஜெட்ல எழுதிட்டு அனுப்புங்க.